ஜப்பான் ஆன்ட்டியின் ஃப்ரீசர் பொட்டலம்

நியூயார்க்கிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் பக்கத்து வீட்டு ஜப்பான் ஆன்ட்டி, மரப்பலகையில் படம் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுப்பவர். கியோட்டோவில் கற்ற தொழில். நியூயார்க்கில் வரவிருந்த கண்காட்சியை நம்பித்தான் அவருடைய விசாவே இருந்தது. விசா என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரியாதா? இருந்தும் அம்மாவுக்கு அவர்மேல் சந்தேகம். கராஜில் நாளெல்லாம் சரக் சரக்கென்று என்னத்தைத் தேய்க்கிறார்?

ஒரு ஜூலையில் அவருடைய ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனது. பிளாஸ்டிக்கில் சுற்றிய தட்டையான பொட்டலத்தைக் கொண்டுவந்து, அச்சுக்கான தாள், நான்கு நாள் உங்கள் ஃப்ரீசரில் இருக்கட்டும் என்றார். அம்மா சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தியதும் முகம் மாறியது.

“பேப்பரை யாராவது ஃப்ரீசர்ல வைப்பாங்களா? மீன்தான். நாம வெஜிடேரியன்னு தெரிஞ்சுகிட்டே கதை விடுறா.”

“ஸ்மெல் வரலையேம்மா,” என்றார் அப்பா.

“வராத மாதிரி பேக் பண்ணியிருக்கா.”

பொட்டலம் எங்கள் கராஜ் வெக்கைக்குப் போனது. எட்டு வயதில் எனக்கும் துப்பறியும் ஆசை. மறுநாள் ஓரத்தைப் பிரித்து மூக்கை நுழைத்தேன். மீன் இல்லை. ஈரமான வெள்ளைத் தாள்கள், அவ்வளவுதான். சொன்னால் பிரித்ததற்கு அடி விழும். என் பூப்போட்ட டேப்பால் ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை அம்மா அதை இரண்டு குப்பைப் பைகளில் சுற்றி ஃப்ரீசருக்குள் திணித்தாள். மதியம் பைகளை உருவிவிட்டு ஆன்ட்டியிடம் கொடுத்தாள். சாயங்காலமே அவர் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். தாள் முழுக்கப் பூஞ்சை. நனைத்ததில் தன்னுடைய தவறுதான், உங்கள் ஃப்ரீசரைத் துடைத்துத் தரட்டுமா என்று குனிந்து மன்னிப்புக் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தபடி, “இட்ஸ் ஓகே,” என்றாள்.

ஜப்பானிலிருந்து வேறு தாள் வருவதற்குள் கண்காட்சி முடிந்துவிட்டது. பனிக்காலத்துக்குள் ஆன்ட்டி ஊருக்கே போய்விட்டார்.

“நான் அப்பவே சொன்னேன்ல, அவகிட்ட ஏதோ சரியில்லன்னு,” என்றாள் அம்மா.

நனைத்த தாள் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஃப்ரீசரில் வைப்பார்கள் என்று, கல்லூரியில் ஓவிய வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆன்ட்டி மன்னிப்புக் கேட்டபோது பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். அதன் ஓரத்தில் என் பூப்போட்ட டேப் அப்படியே இருந்தது. அவருடைய கட்டைவிரல் அதன்மேல்தான் இருந்தது. அவர் கவனிக்கவில்லை, தப்பித்தேன் என்று நினைத்து, நான் விளையாடப் போய்விட்டேன்.