ஏழு முறை நடந்த முதல் பாடம்

களமருதூர் சாலம்மாள் தம் நாற்பத்தாறு வயதுக்குள் கடலைப் பார்த்தது இரண்டே முறை, இரண்டும் மாசிமகத்தன்று. அப்படிப்பட்டவர் 2020 கார்த்திகையில் கடலைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது ஊரில் எவருக்கும் வியப்பளிக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக நடவுக்கு ஆள் திரட்டியவர். 'பத்து ஆள் வேணும்' என்று எவராவது சொன்னால், என்ன வேலை என்று கேட்பதற்கு முன்பே விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்.

கடலூரிலிருந்த தனியார் நிறுவனம் கேட்டதும் பத்து ஆள்தான். கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினால் ஓடிவந்து அள்ள வேண்டும். கொட்டாத மாதங்களிலும் காத்திருப்புச் சம்பளம் உண்டு. அதற்கான பயிற்சியின் ஆறு பாடங்களையும் பத்துப் பேரும் சேர்ந்தே முடிக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் எவருக்கும் சான்று அட்டை கிடையாது.

சாலம்மாளுக்கு அந்த அட்டை கட்டாயத் தேவையாக இருந்தது. அவருடைய வலது முழங்கால் மடங்க மறுத்து ஓராண்டாகியிருந்தது. இனி நடவுக்கு இறங்க முடியாது என்பதை அவர் வெளியே சொல்லவில்லை. கடற்கரை மணலில் சேறு ஏது என்று நம்பித்தான் பெயர் கொடுத்தார். முதல் பாடத்திலேயே 'முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி' என்று வந்ததும் அவர் முகம் சுருங்கியது.

பயிற்றுநர் ஜெயப்பிரகாஷுக்கு வயது இருபத்தாறு. சனிக்கிழமைதோறும் கடலூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அவருடைய வருகைப் பதிவேட்டின்படி, இரண்டாம் சனிக்கிழமை இருவர் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டனர். புதிதாக இருவர் வந்ததால் முதல் பாடம் மீண்டும் நடந்தது. மூன்றாம் வாரம் இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்கான வேன் மூவரை ஏற்றிச் சென்றது. கோரிக்கை நியாயம்தான் என்று சாலம்மாளும் ஒப்புக்கொண்டார். அதைச் சனிக்கிழமையில் கேட்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நான்காம் வாரம் ஒரு வளைகாப்பு. இப்படியே முதல் பாடம் ஏழு முறை நடந்தது. இரண்டாம் பாடத்தின் முகத்தை எவரும் பார்க்கவில்லை.

“கையுறை போடுறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?”

“ஓட்ட இருக்குதான்னு ஊதிப் பாக்கணும் சார்,” என்றார் ஏழு வாரமும் தவறாமல் வந்த இருசம்மாள். “ஏழு வாரமா ஊதிக்கினுதான் கீறோம். எண்ணெய் எப்ப சார் வரும்?”

எட்டாம் சனிக்கிழமை எண்ணெய் வரவில்லை. நிறுவனத்தின் அதிகாரி மலர்விழி வந்தார். எத்தனை பாடம் முடிந்தது என்று அவர் கேட்டுவிடுமுன், ஜெயப்பிரகாஷ் அவசரமாகச் செய்முறைக்குத் தாவினார். எண்ணெய்க்குப் பதிலாக ஒரு மூட்டை உமி. ஏரி வாய்க்காலின் குறுக்கே ஆரஞ்சு நிற மிதவையைச் சாய்வாகக் கட்டினால் உமி கரையோரம் ஒதுங்கும், அள்ளிவிடலாம். மிதவைக் கயிற்றின் ஒரு முனை, அன்று காலைதான் சேர்ந்த பாவாடை என்பவரின் கையில் இருந்தது. வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடுவது அவர் தொழில்.

உமி அழகாக ஒதுங்கத் தொடங்கியபோது, கீழ்வயலிலிருந்து சின்னதுரை மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

“யார்ரா அது, வாய்க்கால மறிச்சது? இன்னிக்குக் கீழ்மொறடா!”

அந்த ஏரிப் பாசனத்தில் 'கீழ்முறை', அதாவது கீழ்வயல்கள் தண்ணீர் பெறும் முறை, என்று குரல் கேட்டால் மேலே நிற்பவன் வாதாடாமல் மடையைத் திறந்துவிட வேண்டும். மிதவைக்குக் கீழே தண்ணீர் தாராளமாகவே போய்க்கொண்டிருந்தது. ஆனால் பாவாடையின் காது கேட்டதைக் கை செய்துவிட்டது. கயிறு அவிழ்ந்தது, ஒரு மூட்டை உமியும் சின்னதுரையின் நவரைப் பருவ நெல் நாற்றங்காலை நோக்கிப் புறப்பட்டது.

“எம்மா, நாத்து போச்சே!” என்று கத்தியபடி சாலம்மாள் வாய்க்காலில் குதித்தார். இருசம்மாள் ஒரு பழஞ்சேலையைக் குறுக்கே சாய்வாகப் பிடிக்க, மற்ற பெண்கள், விதைநெல்லில் மிதக்கும் பதரை அரிப்பதுபோல், கூடைகளால் உமியை அரித்தெடுத்தனர். நாற்றங்காலுக்குள் ஒரு பிடிகூடப் போகவில்லை. ஆனால் சாலம்மாளால் மேலே ஏற முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. நான்கு பேர் தூக்கிக் கரையில் உட்காரவைத்தனர்.

“எத்தனை நாளாம்மா இப்படி?” என்று மலர்விழி கேட்டார்.

“ஒரு வருசங்க.” இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. “என்னை எடுத்துட்டு வேற ஆளப் போட்டுக்கங்க. இதுங்கள உட்டுடாதீங்க.”

மலர்விழி ஜெயப்பிரகாஷ் பக்கம் திரும்பினார். “இரண்டாம் பாடத்தோட முதல் பக்கத்தை இவங்களுக்குச் சொல்லலையா?”

ஜெயப்பிரகாஷ் குனிந்து காலி உமிச் சாக்கை மடிக்கத் தொடங்கினார்.

“பத்துப் பேர்ல ஒருத்தர் தண்ணியில இறங்கவே கூடாதும்மா. கரையில நின்னு எல்லாரையும் பார்த்து, சத்தம் போட்டு வேலை வாங்கணும்,” என்று மலர்விழியே சாலம்மாளிடம் சொன்னார்.

“கரையில நின்னுகினு கத்துற வேலையா?” என்றார் இருசம்மாள். “அதுல எங்கக்கா பாஸ் பண்ணி பதினெட்டு வருசம் ஆச்சுங்க!”

மலர்விழி சிரித்துவிட்டு, முதல் பாடம் பத்துப் பேருக்கும் முடிந்ததாக எழுதிக்கொண்டு, மீதிப் பாடங்களுக்கு ஐந்து வாரம் தந்தார். ஒரே நிபந்தனை: பதிவேட்டில் இனி ஒரு பெயரும் மாறக்கூடாது.

சாலம்மாள் காலை நீட்டியபடியே கூட்டத்தை எண்ணினார். ஒன்பதாவது விரலில் எண்ணிக்கை நின்றது. பாவாடை தம் சைக்கிளை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஏ பாவாட! எங்க கெளம்பிட்ட? அஞ்சு வாரத்துக்குக் கரும்பு, கல்யாணம், வேனு, ஒண்ணும் கெடையாது. சைக்கிள எங்கூட்டுல உட்டுட்டுப் போ!”