சீட்டிப் பாவாடை வந்த கிறிஸ்மஸ்

டிசம்பர் பிறந்தால் எங்கள் ஊருக்கு முதல் ஆளாக வந்து நிற்பவன் துணி மூட்டைக்காரன். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து தலையில் மூட்டையோடு நடந்தே வருவான். "பண்டிகைக்குப் புதுசு உடுத்தாத பிள்ளைய உபதேசியார் கோவிலுக்குள்ளயே விடமாட்டாராம்" என்று வாய் கூசாமல் சொல்லுவான். எங்கள் சபையை நடத்திய உபதேசியாரின் சட்டையிலேயே மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கும். ஞாயிறுதோறும் அதைப் பார்த்திருந்தும் நான் அவன் பேச்சை நம்பினேன். பதினொரு வயதில் எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

அப்பா பனையேறி. பனையில் பதநீர் ஊறுவது கோடையில், அதை நாங்கள் அக்கானி என்போம். மார்கழியில் மரம் சும்மா நிற்கும், எங்கள் அடுப்பும் பாதி நாள் சும்மா இருக்கும். பண்டிகை வந்து விழுவதோ அந்த மாதத்தில். அதனால் கோடையில் காய்ச்சிய கருப்பட்டியில் கொஞ்சத்தை எடுத்து, அடுப்புக்கு மேலே பரணில் வைப்போம். புகை படாவிட்டால் மழைக்காலத்தில் இளகிப்போய்விடும். அந்த வருடம் எங்கள் பரணில் இரண்டு ஓலைப்பெட்டிக் கருப்பட்டி இருந்தது. அதில் ஒரு துண்டைக்கூட அம்மா யாரையும் தொடவிடவில்லை.

காரணம் இருந்தது. சித்திரையில் அப்பா பனையிலிருந்து விழுந்தார். இடுப்பு போயிற்று, உயிர் போகவில்லை. அவர் கண் திறந்த வாரம் அம்மா சபையில் எழுந்து நின்று, கடவுளுக்கு நேர்ந்துகொண்டு பொருத்தனை செய்தாள். கிறிஸ்மஸ் காலை ஆராதனை முடிந்ததும் சபையார் அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டுச் சுக்குக் காப்பி. பரணில் இருந்த இரண்டு பெட்டியும் அதற்குத்தான். அப்பா விழுவதற்கு முன் இறக்கிய அக்கானியில் காய்ச்சியது அது. வேறு கருப்பட்டி எங்களிடம் கிடையாது.

பண்டிகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அம்மா அப்பாவை வண்டி வைத்துக் கருங்கல் ஊருக்கு, வர்ம ஆசானிடம் எண்ணெய் போடக் கூட்டிப் போனாள். நான் தனியாக இருந்தேன். மூட்டைக்காரன் முற்றத்தில் மூட்டையை அவிழ்த்தான். சிவப்பில் மஞ்சள் பூப்போட்ட சீட்டித்துணி ஒன்றை எடுத்து என் தோளில் போட்டுப் பார்த்தான்.

"காசு இல்ல" என்றேன்.

"காசு யாரு கேட்டா? கருப்பட்டி கெடந்தா குடு பிள்ளே."

மழைக்காலத்தில் கருப்பட்டிக்கு இருந்த கிராக்கி அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பொருத்தனை எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் பரணில் ஏறினேன். ஒரு பெட்டி போதாது என்றான். இரண்டையும் கொடுத்தேன்.

சாயங்காலம் அம்மா வந்து பரணைப் பார்த்தாள், என் மடியில் இருந்த துணியைப் பார்த்தாள். "ரெண்டையும் குடுத்தியா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. அதோடு என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஊரில் கேட்டால் யாராவது கொடுத்திருப்பார்கள். இரவல் வாங்கிப் பொருத்தனை செலுத்த அம்மா சம்மதிக்கவில்லை. அப்பாதான் கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "சுக்கும் மல்லியும் உண்டுல்லா? அதக் கொதிக்க வை. உள்ளதக் குடுப்போம்." அம்மா உபதேசியார் வீட்டு அம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாளிடம் சொல்வதும் ஊரில் தமுக்கடிப்பதும் ஒன்றுதான்.

இதற்கிடையில் அம்மா அந்தத் துணியைப் பாவாடையாகத் தைத்து என் பாயின்மேல் வைத்திருந்தாள், ஒரு வார்த்தை பேசாமல். அதைவிட இரண்டு அடி போட்டிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

கிறிஸ்மஸ் காலையில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. புதுப் பாவாடையின் சாயம் இளகி என் கணுக்கால் இரண்டும் சிவப்பாகிவிட்டன. கோவில் முற்றத்தில் பெரிய வார்ப்புப் பாத்திரம் நிறையச் சுக்குத்தண்ணீர் கொதித்தது. தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கும் வேலையை அப்பா என்னிடம் விட்டார். ஊரே அந்த இனிப்பில்லாத காரத்தைக் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கப்போகிறது என்று, தலையைக் குனிந்துகொண்டே முதல் சிரட்டையை மொண்டேன்.

முதலில் வந்தது உபதேசியார் வீட்டு அம்மாள். சிரட்டையை வாங்கினாள், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு கருப்பட்டி எடுத்தாள், கடித்துக்கொண்டு குடித்தாள். "நல்லாருக்கு மக்கா" என்றாள். அடுத்து வந்தவளின் முந்தானையிலும் ஒரு முடிச்சு. ஆண்கள் மடியிலிருந்து எடுத்தார்கள். வரிசை முழுக்க அப்படித்தான். யாரும் எங்களுக்கு எதுவும் தரவில்லை, கேட்கவுமில்லை. அவரவர் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு எங்கள் காப்பியைக் குடித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மனுஷர்களை நினைத்தால் இப்போதும் வருகிறது.

கடைசியாக அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். நாலைந்து பேர் கருப்பட்டியை நீட்டினார்கள். வேண்டாம் என்று வெறுங்காப்பியைக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துட்டி" என்றார்.

வார்ப்பைக் கழுவ அம்மா வந்தாள். அடியில் ஒரு சிரட்டைக்குத்தான் மிச்சம் இருந்தது.

"ஏட்டி, நீ குடிச்சியா?"

ஐந்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. இல்லை என்றேன். அவளும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பரணில் பெட்டி இருந்த இடத்தில் உதிர்ந்து கிடந்த தூளை, கரியோடு கூட்டி எடுத்து வைத்திருந்தாள். அதை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, நான் நக்கிக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.