ஊசி போடாத தொண்ணூற்றிரண்டு

மாடுகளை ஒபால் நேராகப் பார்ப்பதே இல்லை. விடிந்ததும் குதிரையைப் பட்டியோரம் பக்கவாட்டில் நிறுத்துவாள். வானம் பார்க்கிறவள் போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே ஓரக்கண்ணால் மந்தையை அளப்பாள். "முறைச்சுப் பாத்தா நோஞ்சான்கூட நிமிந்து நின்னு நடிக்கும். ஓநாய்க்குப் பயந்த வம்சமில்லையா!" என்பாள்.

டெக்சாஸின் வடகோடியில், நாற்பதாயிரம் மாடுகளைத் தீனி போட்டுக் கொழுக்கவைக்கும் பண்ணை அது. பட்டி பட்டியாகக் குதிரையில் போய் நோய்கண்ட கன்றுகளைப் பிரித்தெடுப்பதுதான் இருபத்தாறு வருஷமாக ஒபால் ட்ரெக்ஸ்லரின் வேலை. தொங்கிய காது, ஒட்டிய வயிறு, தீனித்தொட்டிக்கு ஓரடி பின்னால் தயங்கும் கால் எதுவும் அவளிடம் தப்பாது. மனிதர்களோடு பேசும்போது சூரியகாந்தி விதை கடைவாயில் அடங்கியிருக்கும். குதிரையோடு பேசும்போது மட்டும் துப்பிவிட்டுப் பேசுவாள்.

லாரியில் வந்திறங்கும் கன்றுகளுக்கு நுரையீரல் காய்ச்சல்தான் எமன். அதனால் இறங்கியதுமே எல்லாவற்றுக்கும் கழுத்தில் கிருமிக்கொல்லி மருந்து ஊசி; நோய் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. 'திடமான கன்னுங்க' என்று ஊசி போடாமல் விட்ட ஒரு மந்தையில் ஒரே வாரத்தில் முப்பத்தொன்று சரிந்ததைப் பார்த்தவள் ஒபால். அதன்பிறகு ஊசி அவளுக்கு வேதம்.

சென்ற அக்டோபரில், நெப்ராஸ்காவில் ஒரே இடத்தில் வளர்ந்த தொண்ணூற்றிரண்டு கன்றுகள் வந்தன. ஊசியோடு நின்றவர்களை இளம் கால்நடை மருத்துவர் நீல்ஸன் தடுத்தார்.

"இதுங்களுக்கு வேணாம் ஒபாலம்மா. தாய்ப்பால் மறந்து ரெண்டு மாசமாச்சு, தடுப்பூசியும் போட்டாச்சு. சந்தை சந்தையா அலைஞ்ச கன்னுன்னா நானே போடச் சொல்லுவேன்."

"முப்பத்தொண்ணை இழுத்துப் போட்டவ நான், தம்பி. நீ அப்ப குச்சி மிட்டாய் சப்பிக்கிட்டு இருந்திருப்ப."

"எல்லாத்துக்கும் குத்திக் குத்தி, கிருமிக்கே மருந்து பழகிப்போச்சும்மா. போன மாசம் நெசமாவே நோவு வந்த கன்னுக்கு ரெண்டாவது ஊசியும் கேக்கல. நீங்களே பாத்தீங்க."

பார்த்திருந்தாள். ஊசியோடு நின்றவர்களை விலகச் சொல்லிக் கைகாட்டினாள். பிறகு, "சரி. ஊசி பாக்க வேண்டிய வேலையை என் கண்ணு பாக்கணும். தினம் ரெண்டு சுத்து வரேன். ஒண்ணு போனாலும் உன்னை விடமாட்டேன்" என்றாள்.

மூன்றாம் நாள் புழுதிக்காற்றும் குளிரும் கைகோத்துக்கொண்டு வந்தன. ஒபால் பட்டியை விட்டு நகரவில்லை. மதியச் சாப்பாடு பையிலேயே கிடந்தது. "நீயே தீனி எடுக்கலியே அக்கா, உனக்கும் காய்ச்சல் பாக்கட்டுமா?" என்று, கன்றுகளைக் கூண்டில் நிறுத்தி ஊசி போடும் சிப்ரியானோ கேலி செய்தான். அவள் சிரிக்கவில்லை, காற்றின் இரைச்சலுக்குள் இருமலைத் தேடிக்கொண்டிருந்தாள். அன்று நான்கு கன்றுகளைப் பிரித்தாள், மறுநாள் மூன்று. கொதித்த உடம்புகள். அந்த ஏழுக்கு மட்டும் ஊசி ஏறியது.

ஆறு தேறின. ஏழாவது, பத்தாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது.

நீல்ஸன் தயங்கித் தயங்கி வந்தார். "என்னைத் திட்டுங்கம்மா. ஆனா எண்பத்தஞ்சு கன்னு மருந்தே இல்லாம தப்பிச்சிடுச்சு. உங்க கண்ணாலதான்."

"உன்னை எதுக்குத் திட்டணும்? இதை மறுநாள் இல்ல, புழுதி அடிச்ச அன்னிக்கே பிரிச்சிருக்கணும். சந்தேகம் தட்டுச்சு. புழுதியாலதான் இருமுதுன்னு விட்டுட்டேன்."

குதிரையிலிருந்து இறங்கினாள். செத்ததை ஏற்றிப்போகும் வண்டிக்காக வேலியோரம் கிடத்தியிருந்த கன்றருகே மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, மூடாத அதன் கண்ணில் படிந்திருந்த மண்ணைக் கட்டைவிரலால் மெல்லத் துடைத்தாள்.