மியூட்டில் கிடந்த கூச்சல்

சலவைக்கடைக்காரர் மகளுக்கு வகுப்பில் வைத்த பெயர் கொசு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூடக் காதைத் தீட்டிக்கொண்டால்தான் அவள் பேசுவது கேட்கும். அப்படிப்பட்டவளைப் பிடித்து, வெளிநாட்டு மாணவர்களோடு கணினி வழியே பேசிப் பழகும் திட்டத்தில் சேர்த்துவிட்டார் பல்கலைக்கழகப் பேராசிரியை. வாரம் ஒரு தலைப்பு, ஆளுக்கொரு ஜோடி. அந்த நாள் வந்தாலே இவள் காலையிலிருந்து பேச வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இவளுக்கு வாய்த்த ஜோடி கடல் கடந்த ஒரு குளிர் ஊர்க்காரி. வீட்டுக்குள்ளேயும் கம்பளிக் குல்லாவைக் கழற்ற மாட்டாள். அதனால் இவளுடைய அம்மாவுக்கு அவள் 'குல்லாக்காரி'. நல்ல பெண்தான். ஒருநாள் பேச்சுக்கு நடுவே விரல் நுனியில் ஊசி குத்தி, சொட்டு இரத்தத்தை ஒரு சின்னக் கருவியில் வைத்துப் பார்த்தாள். "சின்ன வயசிலேர்ந்தே எனக்குச் சர்க்கரை வியாதி" என்று ஏதோ சளி பிடித்ததைப் போலச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

அந்த வாரத் தலைப்பு உறவுமுறைகள். இங்கே மாலை, அங்கே காலை. கடைக்குப் பின்னால் துணி அடுக்கும் அறையில், தேய்த்து மடித்த சட்டைகளை ஒருபக்கம் தள்ளிவிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். சலவை இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அங்கே போய்ச் சேரக் கூடாதென்று, தான் ஒரு வாக்கியம் முடித்ததும் மைக்கை மியூட்டில் போட்டுவிடுவது இவள் வழக்கம்.

"அப்பாவோட தங்கச்சி அத்தை. அம்மாவோட தங்கச்சி சித்தி. ரெண்டும் வேற வேற" என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் விளக்கினாள்.

இதற்கெல்லாம் கேள்வி மேல் கேள்வி கேட்கும் குல்லாக்காரி அன்று வெறித்துப் பார்த்தாள். "அத்தைன்னா... யாரோட தங்கச்சி?"

மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே கேள்வி, கொஞ்சம் குழறலாக. கேலி பண்ணுகிறாளோ? என் ஆங்கிலம் அவ்வளவு மோசமா? இவளுக்குக் காதுமடல் சூடாகிவிட்டது.

"உனக்குச் சலிப்பா இருந்தா இன்னொரு நாள் பேசலாம்."

குல்லாக்காரியின் நெற்றியில் முத்துமுத்தாக வேர்த்திருந்ததை இவள் அப்போதுதான் கவனித்தாள். அந்தக் குளிரில் ஏன் வேர்க்கிறது என்று யோசிப்பதற்குள் குல்லாவோடு தலை மேசைமேல் சாய்ந்தது. ஒரு கை விளிம்பிலிருந்து துவண்டு தொங்கியது.

கூப்பிட்டாள். அசைவில்லை. அவள் விலாசம் தெரியாது. அந்த நாட்டில் ஆம்புலன்ஸுக்கு என்ன நம்பர் என்றும் தெரியாது. பேராசிரியைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர எடுப்பாரில்லை. அந்த அறைக்கு அப்பால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. கூடத் தங்கியிருக்கும் தோழியாகத்தான் இருக்க வேண்டும்.

"யாராவது வாங்களேன்! ஐயோ, யாராவது வாங்க!"

ஆங்கிலம் போன இடம் தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். அங்கே தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

கடையிலிருந்து அம்மா அடித்துப்பிடித்து ஓடி வந்தாள். "என்னடி, கையைக் கிய்யைச் சுட்டுக்கிட்டியா?"

"அவ மயங்கி விழுந்துட்டாம்மா! நான் கத்துறது யாருக்குமே கேக்கல!"

சொல்லும்போதே திரையின் ஓரம் கண்ணில் பட்டது. மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. இவ்வளவு நேரமும் சட்டைகளைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறாள்.

அவசரத்தில் பொத்தான் இரண்டு தரம் தப்பியது. மூன்றாவது தரம் கோடு மறைந்ததும் தாயும் மகளும் சேர்ந்து போட்ட கூச்சலில், குழாய் நின்றது. பல்துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே ஒரு நெட்டைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"சுகர்! சுகர்!" இவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

அதுவே போதுமாயிருந்தது. நெட்டைப்பெண் பிரஷ்ஷைத் துப்பிவிட்டு இழுப்பறையிலிருந்து, சர்க்கரையை ஏற்றும் ஊசி மருந்தை எடுத்து, மயங்கியவளின் தொடையில் குத்தினாள். அவளைத் தரையில் படுக்கவைக்க இழுத்தபோது கணினியில் இடித்துக்கொண்டாள். திரை இருண்டது.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"பொழச்சிடுவாடி. வந்து ரெண்டு வாய் சாப்பிடு" என்றாள் அம்மா. ஒரு வாய்கூட இறங்கவில்லை. 'எப்படி இருக்கே?' என்று எழுதுவாள், அழிப்பாள். எழுதி, பதில் வராமலே போய்விட்டால்?

மறுநாள் வகுப்பில் போன் அதிர்ந்தது. மருத்துவமனைக் கட்டிலில் குல்லாவோடு ஒரு படம். கூடவே ஒரு செய்தி: "காலையில எழுந்திருக்க லேட்டாயிடுச்சு. உன்னைக் காக்க வைக்க வேண்டாம்னு, இன்சுலின் போட்டுக்கிட்டுச் சாப்பிடாமலே வந்து உக்காந்துட்டேன். சர்க்கரை சட்டுனு இறங்கிடுச்சு."

அனுமதி கேட்காமல் எழுந்து வெளியே போய், நடைவழிச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

திட்டம் முடியும்வரை இருவரும் பேசினார்கள், முடிந்த பிறகும் பேசுகிறார்கள். இவளிடம் ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. முகம் தெரிந்ததும், என்ன ஏது என்பதற்கு முன்னால், "சாப்பிட்டியா?"

"என் அம்மாகூட இத்தனை தடவை கேக்க மாட்டாங்க" என்று குல்லாக்காரி ஒருநாள் சிடுசிடுத்தாள்.

"சரி, சாப்பிட்டியா இல்லையா?"

குல்லாக்காரி ஒரு ரொட்டித் துண்டைத் தூக்கிக் காட்டினாள். இவள் அதை அவள் கடித்து விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.