மிச்சம் பிடித்த குளிசைகள்

மனைவியின் இடது கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடக்கும்போது தகரம் கிழித்த காயம். ஐந்து வாரமாக ஆறவில்லை.

"வர முதல் ஏதாவது மருந்து எடுத்தவாவோ?" வார்ட் டொக்டர் கேட்டார். கொட்டாஞ்சேனைப் பெண்; எங்களோடு தமிழில் கதைத்தார்.

"இல்லை" என்றேன்.

அது பொய். கிருமியை அடக்க இருபத்தொரு குளிசை வாங்கியிருந்தோம், ஏழு நாளைக்கு. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மனைவியே மிச்சம் பன்னிரண்டையும் பொதி செய்தாள். யாழ்ப்பாணத்தில் அவளுடைய தங்கை மகனுக்குக் காதில் சீழ். சண்டையும் தடையுமாய் அங்கே மருந்து கிடையாது. வடக்கே போகிறவர் கிடைத்தால் எங்கள் வீடுகளில் இப்படித்தான் மிச்சம் பிடித்து அனுப்புவோம். காய்ச்சல் திரும்பியதும் வேறு குளிசை வாங்கினோம். அதிலும் பாதி வடக்கே போனது.

அனுமதியில்லாமல் மருந்து அனுப்புவது குற்றம். பக்கத்துக் கட்டிலில் கைதுசெய்யப்பட்ட ஒரு பெண் கிடந்தாள். அவளுக்குக் காவலாக ஒரு பொலிஸ்காரி, எங்களுக்கு மூன்றடி தள்ளிக் கதிரையில் இருந்தாள்.

"அப்ப சாதாரண மருந்திலயே துவங்குறன்" என்றார் டொக்டர். "பெரிய மருந்தை எல்லாருக்கும் குடுத்தா, நாளைக்கு அதுக்கும் கிருமி அடங்காது. லாப் ரிப்போட் வர மூண்டு நாள். அதுக்குள்ள வீக்கம் ஏறினா காலை எடுக்க வேண்டி வரும்."

அவர் எழுதிய பெயரைத் தலைகீழாகவே வாசித்தேன். நாங்கள் முதலில் வாங்கிய அதே மருந்து.

மனைவி கண் திறந்தாள். "ஏன் பேசாம நிக்கிறியள்? நெருப்புப்பெட்டி வாங்கினாலும் கொப்பியில எழுதுற மனிசன். இதை எழுதேல்லையோ?"

எழுதியிருந்தேன். பையிலிருந்த கொப்பியை எடுத்து அந்தப் பக்கங்களை டொக்டரிடம் நீட்டினேன். பொலிஸ்காரி நிமிர்ந்து பார்த்தாள். டொக்டர் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று வாசித்தார்: மருந்து, திகதி, வேளை, மிச்சம், யார் கையில் யாருக்குப் போனது.

"ரெண்டையும் பாதியில விட்டனீங்களோ?"

எழுதியதை வெட்டினார். பெரிய டொக்டரின் கையெழுத்து வேண்டிய மருந்துக்குத் தாளோடு தானே போனார்.

மூன்றாம் நாள் ரிப்போட் வந்தது. எங்கள் குளிசைகள் இரண்டுக்கும் அந்தக் கிருமி அடங்காது என்றிருந்தது. வீக்கமோ அதற்குள் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. கால் தப்பியது.

கொப்பியைத் திருப்பித் தந்த டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "அங்க அந்தப் பிள்ளைக்குப் போனதும் பாதிதானே, ஐயா?"

அந்தப் பாதிக் குளிசையைக் கொடுக்க வேண்டாமென்று கட்டிலோரத்தில் இருந்தே மனைவியின் தங்கைக்குக் கடிதம் எழுதினேன். அது போய்ச் சேர ஒரு மாதமாகும். அதற்குள் பிள்ளைக்குக் கொடுத்து முடித்திருப்பார்கள்.