மீன்கொத்தி இறகின் நீலம்

சுனாமி வந்து இரண்டு கிழமை இருக்கும். மட்டக்களப்பில் நான் விஞ்ஞானம் படிப்பித்த பள்ளிக்கூடமே அகதி முகாமாகியிருந்தது. ஒருநாள் காலை, ஆசிரியர்கள் நாங்கள் இருந்த மேசைக்கு ஒரு தாய் வந்தா. கையில் சேறு காய்ந்த கொப்பி.

“என்ட மகள்ட கொப்பி சேர். பிள்ளையக் கடல் கொண்டு போயிட்டு. எழுதினதெல்லாம் அழிஞ்சி, பேரும் இல்ல. வாவிக்கரையில அவள் பொறுக்கி ஒட்டின மீன்கொத்தி இறகு மட்டும் அப்பிடியே நீலமாக் கிடக்கு. இது ஏன் சேர் அழியல்ல?”

யாராவது கேள்வி கேட்டுவிட்டால் எனக்கு உற்சாகத்தில் தலைகால் தெரியாது. அதுவும் மற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதில நீலமே இல்லம்மா. எல்லாம் வெளிச்சம் செய்யிற வேலை. இஞ்ச பாருங்க.”

அவ தடுக்க முன்னமே அந்த நகமளவு இறகைப் பிய்த்து, கடதாசி பறக்காமல் வைத்திருந்த கல்லால் அரைத்தேன். மண்ணிறத் தூள்தான் மிஞ்சியது. “கண்டீங்களா?” என்று வேறு கேட்டேன்.

அவ தூளை விரலால் ஒற்றியெடுத்து, கொப்பிக்குள் வைத்து மூடிக்கொண்டு போனா.

மை தண்ணீரில் கரையும். இறகின் நீலம் மை அல்ல, அதன் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுப் பிறப்பது. அதனால்தான் தண்ணீரால் அதைக் கழுவ முடியவில்லை. அவ கேட்டதற்கு இதுதான் பதில். இறகைத் தொடாமலே சொல்லியிருக்கலாம்.

கடல்கூட விட்டுவைத்த நீலம் அது.