மணவறைக்கு வந்த கல் இலைகள்

தங்கச்சியின் கலியாணத்துக்கு மண்டபம் தேடியபோது, ஒரு கிரேக்கத் தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம் எங்களுக்குக் கிடைத்தது. சாவி வைத்திருந்த கிரேக்க அம்மா மண்டபத்தைக் காட்டிவிட்டு, மேலே கோயிலையும் பார்த்துப் போகச் சொன்னார். மரியாதைக்காகத்தான் ஏறினோம்.

தூண்களின் தலைகளைக் கண்டதும் நான் நின்றுவிட்டேன். பின்னல் கூடையொன்றைத் தூண் சுமப்பதுபோல் இருந்தது. கூடையைச் சுற்றி முள் விளிம்பு இலைகள். அத்தனையும் காற்றடித்ததுபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. பழைய பைசாந்திய வேலைப்பாட்டைப் பார்த்துச் செய்தது என்றார் அந்த அம்மா. கல்லில் காற்றைக் கொத்த முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தங்கச்சி என் கையைச் சுரண்டினாள்.

"அக்கா, என்ரை மணவறைத் தூணுக்கு இது வேணும்."

"உனக்கென்ன விசரே?" என்றேன். ஆனால் எனக்கும் அதே ஆசைதான்.

சென்ட் லோரன்ட் பகுதியில் என் கணவர் வேலை செய்த தொழிற்சாலையில், பொதி சுற்றும் வெள்ளை நுரைப்பலகையான ரெஜிபோம் மிஞ்சும். கேட்டு வாங்கி வந்தார். சமையலறை மேசையில் வைத்து நான் கத்தியால் இலை வெட்டினேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம்.

"நல்ல கோவா," என்றார் கணவர், சந்தையில் முட்டைக்கோசு பார்ப்பவர்போல.

தங்கச்சி சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்கு ரோசம் வந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடியும்வரை காத்திருந்து, திரும்பவும் அந்தத் தூணடிக்குப் போனேன். இந்தமுறை இலையை விட்டுவிட்டு இலைக்குப் பின்னால் பார்த்தேன். அங்கே கல்லே இல்லை. துளைத்துத் துளைத்துக் குடைந்து எடுத்திருந்தார்கள். உள்ளே இருட்டு, அதற்கு முன்னால் இலை தனியாக மிதந்தது.

வீட்டில் கணவரின் ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி ரெஜிபோமில் குத்தினேன். அது வெண்ணெய்போல் உருகி வழிவிட்டது. உருகிய மணம் வெளியே போக ஜன்னலைத் திறந்து வைத்து, பனிக்காலக் கோட்டும் தொப்பியுமாக மூவரும் இருந்து குடைந்தோம். ஓர் இலை முதன்முதலாக எழும்பி நின்றபோது கணவர் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

காரில் அடங்காததை நானும் தங்கச்சியும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுபோனோம். "கலியாணக் கேக்கா?" என்று பிரெஞ்சில் கேட்டார் சாரதி. "ஓம்" என்று தலையாட்டினாள் தங்கச்சி. இறங்கும்போது பஸ்ஸே அவளை வாழ்த்தியது.

கலியாணத்தன்று ஒரு மாமி மணவறைத் தூணை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது கல்லில்லையே!" என்று கத்தினார். தாலி கட்டி முடிந்ததும் கிரேக்க அம்மா எட்டிப் பார்த்தார். பார்த்தவர் ஓடிப்போய் மேலேயிருந்த பாதிரியாரையும் பாடகர் குழுவையும் கூட்டி வந்துவிட்டார். எல்லோருக்கும் வாழையிலையில் சோறு போட்டோம். பாதிரியார் பாயாசம் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

போகும்போது அந்த அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஈஸ்டர் விருந்துக்கு இந்தத் தூண்களைத் தருவாயா?"

"வைச்சிருங்கோ," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது. என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தார்.